ஹெரால்டுக்குள் ஜிப்ஸி என்ஜின்: சில வருடங்கள் ஓட்டிய பிறகு

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வேறு என்ஜின் தேடுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை பிஎச்பி?" என்பதைத்தான். நானும் அதைத்தான் கேட்டேன். சென்னை புதுப்பேட்டையில் எனக்கு வேலை செய்து கொடுத்த மெக்கானிக் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "சார், பவர் அப்புறம். கியர்பாக்ஸ் எங்க உக்காருது, லீவர் கைக்கு எட்டுதா, அதை முதல்ல பாருங்க" என்றார். இவ்வளவு காலம் ஓட்டிய பிறகு எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

என்னுடையது இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. பிரிட்டனின் ட்ரையம்ப் ஹெரால்டு, சென்னைக்கு வெளியே வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் இந்தப் பெயரில் தயாரானது. இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்பதா என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் 1962இல் வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரின் அடித்தளமே ஹெரால்டு சேஸிஸைச் சுருக்கியதுதான். முன் சஸ்பென்ஷன், பின்னால் இருக்கும் ஸ்விங் ஆக்சில் (டிஃபரன்ஷியல் பக்கம் மட்டும் மடங்கி, சக்கரத்தோடு சேர்ந்து ஆடும் அச்சு) எல்லாம் ஒரே குடும்பம். என் கைக்கு வந்தபோது என்ஜின் இல்லை, பேப்பரும் இல்லை. அதனால் சாலைக்கு வேண்டாம், இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டுவதற்கு மட்டும் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தேன். இன்றும் டிரெய்லரில்தான் போய் வருகிறது.

பேப்பர் உள்ள காரை வைத்திருப்பவர்கள் மேலே படிக்கும் முன் இதைக் கவனியுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52இன்படி, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும் அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. போதாததற்கு, 50 வயது தாண்டிய கார்களுக்கு 2021இல் வந்த வின்டேஜ் பதிவு, என்ஜினில் கை வைக்காமல் மூல வடிவில் இருக்கும் வண்டிக்கு மட்டும்தான். ஒரிஜினல் என்ஜினோடு நல்ல நிலையில் உள்ள ஹெரால்டை வெட்டி ஒட்டுவது என்னைப் பொறுத்தவரை பாவம்.

சரி, என்னென்ன என்ஜின்களைப் பார்த்தேன்? ட்ரையம்ப்பின் 1147 சிசி என்ஜினையே தேடிப் பிடித்து ஸ்பிட்ஃபயர் மாதிரி இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் போடுவது ஒரு வழி. ஸ்பிட்ஃபயரில் அது 63 பிஎச்பி தந்தது. ஆனால் கிராங்க் ஷாஃப்டைத் தாங்க மூன்றே மெயின் பேரிங். கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்து கழன்றால் பிளாக்கே போய்விடும். உதிரி பாகத்துக்கு இங்கிலாந்துக்கு எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்து ஹிந்துஸ்தான் கான்டெஸா காரின் இசுசு 1.8 லிட்டர். ஐந்து கியர், நல்ல இழுவை, ஆனால் இந்தச் சின்ன சேஸிஸின் மூக்கில் அந்த எடை வேண்டாம். பிரீமியர் 118 என்இ காரில் வந்த நிசான் ஏ12 என் மனதுக்குப் பிடித்தது: 1171 சிசி, ஐந்து மெயின் பேரிங், புஷ்ராடு, எளிமை. ஆனால் உதிரி பாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் கடை கடையாகக் கேட்டும் கேஸ்கெட் செட் ஒன்றுகூடக் கிடைக்காததால் அதை விட்டுவிட்டேன். மாருதி ஈகோ வேனின் 1.2 லிட்டர் என்ஜின் பாகங்கள் எல்லா இடத்திலும் கிடைக்கும், ஆனால் அதன் இம்மொபிலைசரோடும் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) வயரிங்கோடும் மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லை.

கடைசியில் எடுத்தது மாருதி ஜிப்ஸி கிங்கின் எம்பிஎஃப்ஐ என்ஜின், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வகை. 1298 சிசி, 16 வால்வு, 80 பிஎச்பி, அலுமினிய பிளாக். எடுக்க வைத்தது 80 பிஎச்பி அல்ல, பின்னால் இருந்த கியர்பாக்ஸ். ஜிப்ஸியில் நான்கு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது, தனியாகத் தொங்கும். அதைக் கழற்றிப் போட்டால் மிச்சம் இருப்பது நீளவாக்கில் உட்காரும் ஐந்து கியர் பின்சக்கர பெட்டி. அடாப்டர் பிளேட் வேண்டாம், பெல்ஹவுசிங்கை (கிளட்சை மூடும் கூடு) வெட்ட வேண்டாம். ஹெரால்டின் டிஃபரன்ஷியல் சேஸிஸில் போல்ட் செய்யப்பட்டது, மேலும் கீழும் ஆடாது. எனவே முன்முனை ஜிப்ஸி, பின்முனை ஹெரால்டு என்று ஒரு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் செய்து பேலன்ஸ் பார்த்ததோடு அந்த வேலை முடிந்தது. லீவர் வந்து நின்ற இடம் கை போகும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால்; வளைத்து வெல்ட் வைத்தோம்.

கிளட்ச்தான் நேரம் தின்றது. ஹெரால்டு பெடல் ஹைட்ராலிக், ஜிப்ஸி கேபிள். பெல்ஹவுசிங் ஓரத்தில் சின்ன பிராக்கெட் அடித்து பெடலின் எண்ணெய் அழுத்தத்தில் நகரும் ஸ்லேவ் சிலிண்டரே கிளட்ச் ஃபோர்க்கைத் தள்ளும்படி வைத்தோம். முதல் பிராக்கெட் மெல்லிய தகடு, மிதிக்கும்போது கண்ணெதிரே வளைந்தது. இப்போது இருப்பது தடிமனான தகடு, இதுவரை அசையவில்லை. பெட்ரோல் பக்கம் முழுவதும் புதிது: ஹை பிரஷர் பம்ப், ரிட்டர்ன் லைன், டேங்கில் தடுப்பு. தடுப்பு இல்லாவிட்டால் நீண்ட வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி என்ஜின் திக்கும்.

நீண்ட நாள் ஓட்டத்தில் என்ஜின் தொல்லை தரவில்லை. சித்திரை வெயிலில் டிராக் ஓரத்து பிட்டில் நிறுத்தி எடுத்தாலும் உடனே ஸ்டார்ட் ஆகிறது. கார்புரேட்டர் ஹெரால்டுகளைப் படுத்தும் வேப்பர் லாக் (சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைப்பது) இதில் கிடையாது. ரேடியேட்டரை மட்டும் நம்பவே கூடாது. பழைய கோரைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று ஒரு கடையில் வாங்கிப் பாதி ட்யூபை அடைத்துக் கொடுத்தார்கள். புது கோர், எலெக்ட்ரிக் ஃபேன் போட்ட பிறகுதான் டெம்பரேச்சர் ஊசி நடுவில் நின்றது. ஐப்பசி மழைக்குப் பிறகு வருடா வருடம் எர்த் வயர் நுனி பச்சை பிடிக்கும். செக் லைட் எரிந்தால் சென்சாரைச் சந்தேகப்படாமல் முதலில் அதைத் தேய்த்துவிட்டுப் பாருங்கள். பெட்ரோல் பங்க்குகளில் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் வந்ததும் ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இரும்பு போய் அலுமினியம் வந்ததும் காரின் மூக்கு நிமிர்ந்துவிட்டது. பார்க்க அசிங்கம் என்பதோடு முடியவில்லை. ஸ்விங் ஆக்சில் காரில் வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பி, வெளிச்சக்கரம் உள்ளே மடங்கும். முன்னால் எடை குறைந்து பவர் கூடினால் இது இன்னும் சீக்கிரம் நடக்கிறது. முன் ஸ்பிரிங்கைக் குறுக்கி, பேட்டரியை முன்னால் கொண்டு வந்த பிறகு கொஞ்சம் அடங்கியது. ட்ரையம்ப்காரர்களே 1970இல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4இல், நடுவில் சுழலும் லீஃப் ஸ்பிரிங் போட்டுத்தான் இதைத் தீர்த்தார்கள். என் அடுத்த செலவு அதுதான். அது வரும்வரை கிளட்சைப் படாரென்று விட்டுக் கிளம்புவதும் இல்லை. பின்சக்கரத்தைச் சுழற்றும் ஹெரால்டின் ஹாஃப் ஷாஃப்ட் 80 பிஎச்பிக்காகச் செய்ததல்ல, ஸ்பேர் ஒன்று டிரெய்லரிலேயே கிடக்கிறது.