பம்பிள் பீ இல்லாத ஊரில் டனல் தக்காளி: தட்டுவதா, தேனீயா, கருவண்டா?

தென்னாப்பிரிக்காவில் டோங்காட், வெருலம் பக்கம் டனலில், அதாவது பிளாஸ்டிக் போர்த்திய கூடாரத்தில், தக்காளி போடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஹாலந்துக்காரன் பம்பிள் பீ என்ற பருத்த, மயிரடர்ந்த தேனீ வகையைப் பெட்டியில் வாங்கிப் பசுங்குடிலுக்குள் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறான். அந்தப் பெட்டி நமக்கு ஏன் கிடைப்பதில்லை?

கிடைக்காது. சஹாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் பம்பிள் பீ இயற்கையில் இல்லை. வெளியிலிருந்து கொண்டுவர தென்னாப்பிரிக்காவில் அனுமதியும் இல்லை. ஆக நம் கையில் இருப்பது மூன்று வழிதான்: செடியை நாமே அதிர வைப்பது, தேனீப் பெட்டி வைப்பது, ஊரில் சும்மா சுற்றும், மரத்தைக் குடையும் தேனீ வகையான கருவண்டை நம்புவது. இல்லாத பம்பிள் பீயையும் தராசில் வைத்துத்தான் ஆகவேண்டும். பூச்சிமருந்து பற்றிய நல்ல ஆராய்ச்சிகளில் பல அதன்மேல்தான் நடந்திருக்கின்றன.

முதலில் தக்காளிப் பூவைப் பார்ப்போம். நடுவில் மஞ்சள் கூம்பு மாதிரி நிற்பது மகரந்தப் பைகள். மகரந்தம் வெளியே ஒட்டிக்கொண்டிருக்காது, உள்ளே அடைபட்டிருக்கும். உப்புக் குப்பியைக் கவிழ்த்துக் குலுக்கினால் உப்பு விழுமே, அதே கதைதான். தன் பூவின் மகரந்தமே தனக்குப் போதும், ஆனால் குலுங்க வேண்டும். வெளிவயலில் அதைக் காற்று செய்துவிடுகிறது. டனலுக்குள் காற்று இல்லை. கத்தரிப் பூவும் இதே ஜாதி.

பம்பிள் பீ இந்த வேலைக்கென்றே பிறந்தது போல இருக்கும். கூம்பைத் தாடையால் கவ்விக்கொண்டு, இறக்கையை விரிக்காமல் நெஞ்சுத் தசையை மட்டும் அதிர வைக்கும். மகரந்தம் வயிற்றில் கொட்டும். கவ்விய இடம் பழுப்பாகிவிடும். விவசாயி அந்தக் கறையைப் பார்த்தே எந்தப் பூவில் வேலை முடிந்தது என்று சொல்லிவிடுவார். மந்தாரமும் குளிரும் அதற்குப் பெரிய பொருட்டில்லை. 1987-இல் பெல்ஜியத்தில் ரோலண்ட் டி யாங்க் என்ற கால்நடை மருத்துவர் இதை வியாபாரமாக வளர்க்கத் தொடங்கினார். அதுவரை அங்கேயும் ஆட்களை வைத்துத்தான் பூவை அதிர வைத்தார்கள்.

சரி, அனுமதி கேட்டுப் போராடலாமா? என் பதில் வேண்டாம் என்பதுதான். 1990-களின் கடைசியில் சிலி நாட்டுக்குள் விடப்பட்ட ஐரோப்பிய பம்பிள் பீ, மலையைத் தாண்டி அர்ஜென்டினாவுக்குள்ளும் பரவியது. அந்த மண்ணுக்கே உரிய, உலகத்திலேயே பெரிய பம்பிள் பீக்களில் ஒன்றான செந்நிற இனம், பல இடங்களில் காணாமல் போனது. வந்ததோடு நோய்க்கிருமியும் வந்தது. ஆஸ்திரேலியத் தலைநிலத்திலும் தக்காளிக்காரர்கள் கேட்டுப் பார்த்தார்கள், அரசு மறுத்துவிட்டது. நம் நாட்டுக்கு இந்த அனுபவம் வேறு விதத்தில் ஏற்கனவே உண்டு. 1990 வாக்கில் தெற்கே கேப் பகுதிக்கு உரிய தேனீயை வடக்கே கொண்டுபோனதில், அதன் வேலைக்காரிகள் அங்குள்ள கூடுகளுக்குள் புகுந்து முட்டையிட்டு ஆயிரக்கணக்கான கூடுகளை அழித்தன. ஒரே நாட்டுக்குள் இடம் மாற்றியதற்கே அந்தக் கதி.

தேனீயைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. அதற்குப் பூவை அதிர வைக்கத் தெரியாது. தக்காளிப் பூவில் தேனும் கிடையாது, அது ஏன் வரப்போகிறது? மூடிய டனலின் வெக்கைக்குள் நம் ஊர்த் தேனீயின் கோபத்தோடு வேலை செய்ய யார் வருவார்கள் என்பது அடுத்த கேள்வி. டனல் வெள்ளரிக்கு வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அந்த ரகங்கள் மகரந்தம் சேராமலே காய்ப்பவை. தேனீ புகுந்தால் விதை பிடித்துக் காய் ஒரு பக்கம் உப்பிப்போகும், மார்க்கெட்டில் தள்ளிவிடுவார்கள். வெளிவயலில் சுரை, பூசணி, பாகல் போட்டிருந்தால் தேனீப் பெட்டிக்கு இணை இல்லை. அதோடு சரி.

தட்டுவதில் இரண்டு வகை. செடி கட்டிய கம்பியைத் தடியால் தட்டிக்கொண்டே போவது ஒன்று, பேட்டரிக் குச்சியால் ஒவ்வொரு பூங்கொத்தின் காம்பையும் ஒரு நொடி தொடுவது இன்னொன்று. கம்பி தட்டுவது வேகம். ஆனால் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் கொத்து குலுங்குகிற அளவுக்குத் தள்ளி இருப்பது குலுங்காது. குச்சியில் வேலை நேர்த்தி, கூலி அதிகம். ஒன்றுவிட்டு ஒரு நாள் செய்தாக வேண்டும். எந்த வகையானாலும் நேரம்தான் முக்கியம். கடற்கரை ஓரத்தில் ஜனவரி காலை எட்டு மணிக்குத் தட்டினால் ஈரக் காற்றில் மகரந்தம் கட்டிப் பிடித்திருக்கும், விழாது. பக்கவாட்டுத் திரையைத் தூக்கிவிட்டு, பத்து மணிக்கு மேல் உலர்ந்தபின் தட்டினால் வெயிலில் மஞ்சள் தூள் பறப்பது கண்ணுக்கே தெரியும். பையன்களுக்குச் சம்பளம் கொடுத்தாலும் இதற்கு அனுமதிச் சீட்டு வேண்டாம், நோய் வராது, பக்கத்துத் தோட்டத்துக்காரன் என்ன அடித்தாலும் குச்சி சாகாது. தக்காளிக்கு என் ஓட்டு குச்சிக்கே.

கருவண்டு விஷயம்தான் சுவாரஸ்யம். பெண்ணுக்குக் கறுப்பு உடம்பில் மஞ்சள் அல்லது வெள்ளைப் பட்டைகள், ஆண் முழுக்க மஞ்சள் மயிர். பட்டுப்போன மரத்தைக் குடைந்து குடியிருக்கும். பம்பிள் பீ மாதிரியே பூவைப் பிடித்து அதிர வைக்கத் தெரிந்தது. வெளியில் போட்ட கத்தரிக்கும் கிரனடில்லா என்ற பேஷன் பழத்துக்கும் இதைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. கிரனடில்லாப் பூ பெரிது, அதன் முதுகு உரசும் உயரத்தில்தான் மகரந்தம் தொங்குகிறது. ஆனால் பெட்டியில் அடைத்து விற்க முடியாது. கூட்டமாக வாழாது, ஒரு தாய் சில முட்டைகள்தான் இடும். வெருலத்தில் என் மாமாவுக்கு இதைக் கண்டாலே ஆகாது. "கம்பத்தையெல்லாம் ஓட்டை போடுது, மருந்து அடிச்சு விடுடா" என்பார். கத்தரிக்காய் விலையைக் கணக்குப் போட்டுக் காட்டியபின் டனலுக்கு வெளியே பழைய கட்டைகளை அடுக்கி வைக்கச் சம்மதித்தார், அரை மனசோடு.

மருந்து என்று வந்துவிட்டது. பிரிட்டனில் பம்பிள் பீயையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் டேவ் கூல்சன். 2006-இல் அவற்றைக் காக்க ஓர் அறக்கட்டளையே தொடங்கியவர். 2012-இல் அவர் குழு 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், வயலில் இருக்கக்கூடிய அளவு இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து கலந்த உணவைக் கூடுகளுக்கு இரண்டு வாரம் கொடுத்து, பிறகு வெளியில் வைத்து ஆறு வாரம் கவனித்தார்கள். மருந்து படாத கூடுகளில் சராசரியாக 14-க்குக் கிட்டத்தட்ட புது ராணிகள், பட்டவற்றில் இரண்டோ அதற்கும் குறைவோ. 85 சதவீதம் வீழ்ச்சி. ராணிதான் அடுத்த வருஷத்துக் கூடு. அந்தப் பூச்சிகளுக்கு வேறு உணவைத் தேடும் வாய்ப்பு இல்லாமல் ஊட்டினார்கள் என்ற விமர்சனம் உண்டு, அது நியாயமானதும்கூட. ஆனால் 2015-இல் ஸ்வீடனில் அதே குடும்பத்து மருந்து பூசிய விதை விதைத்த நிஜ வயல்களிலேயே பார்த்தபோது, பம்பிள் பீக் கூடுகள் சரிவர வளரவில்லை, காட்டுத் தேனீக்கள் குறைந்தன, வளர்ப்புத் தேனீக் கூடுகளிலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இந்தக் கடைசி வரிதான் நமக்கு. தேனீக் கூட்டில் பல்லாயிரம் பேர், சிலர் போனாலும் ஈடுகட்டிவிடும். பம்பிள் பீக் கூட்டில் சில நூறு. கருவண்டுக்கு ஒரே தாய், அவள் போனால் அந்தத் துளையே காலி. ஆகவே தேனீப் பெட்டி நன்றாக இருக்கிறதே என்று மருந்தை நல்லது என்று முடிவு கட்டுவது, கருவண்டு விஷயத்தில் செல்லாது. இது என் அனுமானம், ஆனால் கணக்கு எளிது.

ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இமிடாகுளோபிரிட் உட்பட மூன்று மருந்துகளை வெளிவயலில் தடுத்தது, நிரந்தரப் பசுங்குடிலுக்கு மட்டும் விட்டுவைத்தது. நம் பிளாஸ்டிக் டனலைக் காட்டி அந்த விலக்கு நமக்கும் பொருந்தும் என்பவர்கள், தூக்கிவிட்ட பக்கவாட்டுத் திரை வழியே பூச்சிகள் வந்துபோவதை மறந்துவிடுகிறார்கள். இங்கே இமிடாகுளோபிரிட் இன்னும் கடையில் கிடைக்கிறது. அதற்குப் பதில் என்று வந்த சல்ஃபாக்ஸஃப்ளோர் என்ற மருந்தும் பம்பிள் பீக் கூட்டில் பிறக்கும் ராணி, ஆண் குஞ்சுகளைப் பாதிக்குமேல் குறைத்தது என்று 2018-இல் இன்னொரு ஆய்வு சொன்னது. பெயர் மாற்றினால் தீராது.

வெள்ளை ஈக்கு வலையும் மஞ்சள் ஒட்டு அட்டையும் சோப்புத் தண்ணீரும் போதாத வருஷங்கள் உண்டு. அப்போது மருந்தை எடுத்தாலும் வேரில் ஊற்றும் வகை வேண்டாம். அது செடிக்குள் ஏறிப் பூ வரைக்கும் போகும், அந்தி நேரத்தில் அடிப்பது போன்ற ஜாக்கிரதையெல்லாம் அதனிடம் பலிக்காது. நாற்று வாங்கும்போதே நர்சரியில் வேருக்கு என்ன ஊற்றினார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் நான் நாற்று எடுப்பதில்லை.