மறுத்துப் பார்க்கும் முறை: இரண்டு வருடம் பயன்படுத்திய பிறகு

தர்க்கத் தேர்வுகளில் எனக்கு மதிப்பெண் அதிகம் போனது, 'இந்த வாதம் சொல்லாமல் விட்ட அனுமானம் எது?' என்ற வகை வினாக்களில்தான். அதற்காக நான் பிடித்துக்கொண்டது மறுத்துப் பார்க்கும் முறை. ஒரு விடையை எடுத்து எதிர்மறையாக்க வேண்டும். வாதம் சரிந்தால் அதுதான் அனுமானம். வாதம் அப்படியே நின்றால் அடுத்த விடைக்குப் போகலாம்.

ஒரு வாதத்தைப் பாருங்கள்: "நூலகத்தில் இரவல் போகும் புத்தகங்கள் குறைந்துவிட்டன. ஆகவே மக்களிடம் வாசிப்பு குறைந்துவிட்டது." இதற்கு இரண்டு விடைகள் கண்ணை இழுக்கும். ஒன்று, 'நூலகத்தை விட்டால் புத்தகம் கிடைக்க வேறு வழியில்லை.' இன்னொன்று, 'இரவல் வாங்குவதை நிறுத்தியவர்கள் வேறு வழியில் அதே அளவு வாசிக்கவில்லை.'

அடித்துச் சொல்வதுபோல இருப்பதால் ஆரம்பத்தில் நான் முதலாவதையே குறித்துவந்தேன். அதை மறுத்தால், வேறு வழி இருக்கிறது என்று ஆகும். சரி, இருக்கட்டும். அந்த வழியில் யாரும் போகவில்லை என்றால் வாசிப்பு குறைந்ததுதானே? வாதம் பிழைத்துக்கொள்கிறது. இரண்டாவதை மறுத்தால், நிறுத்தியவர்கள் அதே அளவு வேறு வழியில் வாசிக்கிறார்கள். இப்போது அந்த முடிவுக்கு நிற்க இடமே இல்லை.

மறுப்பதிலும் பல மாதம் தடுக்கியிருக்கிறேன். 'எல்லோரும் வந்தார்கள்' என்பதன் மறுப்பு 'யாருமே வரவில்லை' அல்ல. 'ஒருவராவது வரவில்லை' என்பதே. 'சிலர் வந்தார்கள்' என்பதை மறுத்தால்தான் 'யாருமே வரவில்லை' வரும்.

பெரிய குறை நேரம். நான் பயிற்சிக்கு எடுப்பது பழைய எல்சாட் (LSAT, அமெரிக்கச் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு) வினாக்கள். 35 நிமிடத்தில் ஏறத்தாழ 25 வினா, ஒவ்வொன்றுக்கும் 5 விடை. எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டிருந்தால் பாதி வினாத்தாள் அப்படியே நிற்கும். அதனால் இப்போது முதலில் முடிவில் புதிதாக முளைத்த சொல்லைத் தேடுகிறேன். மேலே உள்ள வாதத்தில் ஆதாரம் இரவலைப் பற்றியது, முடிவோ வாசிப்பைப் பற்றியது. அந்த இடைவெளியில்தான் அனுமானம் ஒளிந்திருக்கிறது. ஆதாரத்தையும் முடிவையும் இணைக்கும் இந்தப் பாலத்தை ஸ்டீபன் டூல்மின் என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி 1958-இல் வாதத்தின் தனி உறுப்பாகவே வைத்தார். இடைவெளி தெரிந்தபின் இரண்டு விடைகளே மிஞ்சும். அவற்றை மட்டும் மறுத்துப் பார்த்தால் போதும்.

அப்புறம், 'எதைச் சேர்த்தால் முடிவு உறுதியாகும்?' என்ற வினாவுக்கு இந்த முறை ஆகாது. அங்கே 'வாசிப்பு முழுவதும் நூலக இரவல் வழியாகவே நடக்கிறது' போன்ற மிகையான வாக்கியமே சரியான விடையாகலாம். ஆகவே வாதத்தைத் தொடும் முன்பே, வினா 'வாதம் நிற்க எது தேவை' என்கிறதா 'எது முடிவை உறுதியாக்கும்' என்கிறதா என்று பார்த்துக் கோடிட்டுவிடுகிறேன்.