மாத்திரையா, மாத ஊசியா? மனச்சிதைவு நோய்க்கு எது தோது

மனச்சிதைவு நோய் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் ராத்திரிதோறும் ஒரு கேள்வி: "மருந்து சாப்பிட்டியாப்பா?" கேட்கும் அம்மாவுக்குக் கவலை, பிள்ளைக்கு எரிச்சல். என்னைக் கேட்டால், தினசரி மாத்திரைக்குப் பதிலாக மாதாமாதம் போடும் ஊசியின் முதல் நன்மை இந்தத் தினசரி உரசல் ஓய்வதுதான். மாத்திரையை நிறுத்தினால் வெளியே தெரியாது. ஊசிக்கு வராவிட்டால் தாதிக்கு அன்றே தெரியும். மருந்து உடம்பிலிருந்து மெல்லத்தான் இறங்கும் என்பதால், நோய் திரும்புமுன் கூப்பிட்டு விசாரிக்கலாம்.

அதே மெதுவில்தான் சிக்கலும். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் அளவைக் குறைக்கலாம். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் முதலில் மாத்திரையாகக் கொடுத்துப் பார்ப்பார்கள்.

சரி, எந்த ஊசி? ஹாலோபெரிடால், ஃபுளுபென்டிக்சால் ஆகிய பழைய ஊசிகள் எண்ணெயில் கரைத்தவை, விலை மலிவு. கை நடுக்கம், உடல் விறைப்பு, ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு ஆகியவை வரலாம். புதிய ஊசிகளில் ஒன்றான பாலிபெரிடோனை முதல் நாளும் ஒரு வாரம் கழித்தும் தோளில் போடுவார்கள், அப்புறம் மாதம் ஒன்று. நோய் கட்டுக்குள் வந்தவர்களுக்கு 3 மாத ஊசியும் உண்டு, 6 மாத ஊசியும் உண்டு. 6 மாத ஊசியைப் பிட்டத்தில்தான் போடுவார்கள். ஆனால் பாலிபெரிடோனில் எடை ஏறலாம். புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடி மாதவிலக்கு தள்ளிப்போகலாம், ஆண்களுக்குத் தாம்பத்திய நாட்டம் குறையலாம். நம் வீடுகளில் இதைச் சொல்லக் கூச்சம், சொல்லாமலே மருந்தை விட்டுவிடுவார்கள். டாக்டரிடம் தயவுசெய்து வாய்விட்டுச் சொல்லுங்கள். அரிபிபிரசோல் என்ற இன்னொரு புதிய ஊசியில் இந்தத் தொல்லை குறைவு, தவிப்பு வரலாம். இதில் வழக்கமாக முதல் ஊசிக்குப் பின் 2 வாரம் மாத்திரையும் தொடர வேண்டும்.

புதியதுதான் பலமானது என்று எண்ண வேண்டாம். 2014இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஹாலோபெரிடாலையும் பாலிபெரிடோனையும் ஒப்பிட்டது. நோய் திரும்பாமல் காப்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பாலிபெரிடோனில் எடை ஏறியது, ஹாலோபெரிடாலில் தவிப்பு கூடியது. சர்க்கரை நோய் வழிவழியாக வரும் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் அந்த எடை சின்ன விஷயமில்லை. என் மதிப்பில், அப்படிப்பட்டவருக்குப் பழைய ஊசியையும் பேச்சில் வைக்க வேண்டும்.

வேறு மருந்துகளுக்குக் கேட்காதவர்களுக்குத் தரும் குளோசபைன் வழக்கத்தில் மாத்திரைதான். ரத்தப் பரிசோதனையும் கூடவே வரும்.

செலவு: மனச்சிதைவு நோய் நாட்பட்ட நோய்களுக்கான திட்டத்தில் இருப்பதால், வரம்புக்குள் மெடிசேவ் என்ற சிங்கப்பூர் மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்தலாம். புதிய ஊசிகள் விலை கூடியவை. சம்மதிக்குமுன் மெடிசேவ் போக நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டியது எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.