உள்ளே 192.168.1.50 என்று போட்டுவிட்டு, "ஸ்டேட்டிக் ஐபி" என்று 3,200 ரூபாய் வாங்கிப் போய்விட்டார்கள்

வீட்டு ரௌட்டரில் போர்ட் பார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக்குள் ஒரு கருவிக்குத் திருப்பிவிடுவது), ஸ்டேட்டிக் ஐபி (மாறாத நெட் முகவரி) என்று ஆள் வைத்துச் செய்யப் போகிறவர்கள் பணத்தை எடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள். போனது 3,200 ரூபாய். தொகையை விட, ஏமாற்றிய விதம்தான் வயிற்றெரிச்சல். எதையெதைப் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

தஞ்சாவூரில் அப்பா வீட்டில் நாலு கேமரா, ஒரு என்விஆர் (கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டி), ஃபைபர் நெட், நெட் கம்பெனியே கொடுத்த ரௌட்டர். வெளியூரிலிருந்து போனில் கேமரா தெரிய வேண்டும், அவ்வளவுதான் வேலை. வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஆப் ஒன்றில் ரௌட்டர் செட்டிங் என்றே தனிப் பிரிவு இருந்தது. விசிட் 400. வந்தவர் வீட்டில் வைத்து இன்னும் இரண்டு சேர்த்தார்: போர்ட் பார்வர்டிங்குக்கு 800, "ஸ்டேட்டிக் ஐபி, ரௌட்டிங் கான்ஃபிகரேஷன்" 2,000. "ஆப்ல போட்டா ஜிஎஸ்டி வேற ஏறும் சார், என் நம்பருக்கே அனுப்பிடுங்க." அனுப்பியாயிற்று.

நம்பிய நிமிடத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரையும் கவிழ்ப்பது இதுதான். வந்தவர் தன் போனில் எனக்கு வீடியோ கால் போட்டு, அப்பா போனின் திரையைக் காட்டினார். கேமரா ஆப் திறந்திருந்தது. நாலு கட்டம். வாசல் கேமராவில் துளசி மாடம் பளிச்சென்று தெரிந்தது, கொடியில் வேட்டி ஆடுவதுகூடத் தெரிந்தது. "ஐயா, லைவ் ஓடுது பாருங்க." "தம்பி சுத்தமா முடிச்சிட்டாப்ல" என்றார் அப்பா. வேலை முடிந்தது என்பதற்கான ஆப்பின் ஓடிபியைக் கொடுத்துவிடச் சொன்னேன். திரையின் மேல் மூலையில் வைஃபை சின்னம் இருந்தது. பார்த்தேன், மண்டையில் ஏறவில்லை.

போன் அதே வீட்டு வைஃபையில் இருந்தால் என்விஆரும் போனும் ஒரே நெட்வொர்க். ஆப்பில் 192.168.1.50 என்று தட்டினால் படம் வரும். ரௌட்டரில் ஒரு செட்டிங்கும் தொட வேண்டாம், ஃபைபர் வயரைப் பிடுங்கிப் போட்டால்கூட வரும். வெளியிலிருந்து தெரிகிறதா என்பதற்கு இது சோதனையே இல்லை. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பார்த்திருந்தால் அங்கேயே குட்டு உடைந்திருக்கும். அன்று சாயங்காலம் நான் சென்னையிலிருந்து திறந்தேன். சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

உடனே போன். "ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." மறுநாள்: "அது நெட் ப்ராப்ளம் சார், உங்க கம்பெனிக்காரங்ககிட்ட கேளுங்க." நெட் கம்பெனியில் கேட்டால், "எங்கள் பக்கம் லைன் நன்றாக இருக்கிறது, கேமரா எங்கள் சர்வீஸ் இல்லை." ஆப்பின் சாட்டில் கேட்டால், "ஓடிபி பகிரப்பட்டதால் சேவை முடிந்ததாகக் கருதப்படுகிறது." 3,200 ரூபாய் சார் என்றால், "எங்கள் பதிவில் 400 மட்டுமே உள்ளது, வெளியே செலுத்திய தொகைக்கு நாங்கள் பொறுப்பல்ல." மூன்றாம் நாள் என் நம்பர் அந்த ஆளிடம் பிளாக். அதற்குள் ரௌட்டரின் அட்மின் பாஸ்வேர்டையாவது கெஞ்சி வாங்கிவிட்டேன், அதையும் மாற்றி வைத்துவிட்டுச் சொல்லாமல் போயிருந்தார்.

நேற்று நேரில் போய் ரௌட்டர் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 3,200 ரூபாய் வேலை இதோ.

முதலில் அந்த 2,000 ரூபாய் "ஸ்டேட்டிக் ஐபி". என்விஆரில் டிஹெச்சிபியை (ரௌட்டர் தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, கையால் 192.168.1.50 என்று போட்டிருக்கிறார். இது வீட்டுக்குள் மட்டும் செல்லும் முகவரி, எவரும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். ஸ்டேட்டிக் ஐபி என்று காசு கொடுத்து வாங்குவது நெட் கம்பெனி தரும் பப்ளிக் ஐபி. அதை அவர்கள் மட்டும்தான் தர முடியும், ரௌட்டருக்குள் யாராலும் உண்டாக்க முடியாது. பெயர் ஒன்று, பொருள் இரண்டு, அந்த இடுக்கில்தான் 2,000 போனது.

அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. ரௌட்டரின் டிஹெச்சிபி வரம்பு 192.168.1.2 முதல் 254 வரை அப்படியே திறந்து கிடக்கிறது, 50 அதற்குள்ளேயே. கரண்ட் போய் வந்தபோது டிவி முதலில் எழுந்து 50ஐ வாங்கிக்கொண்டது. பிறகு என்விஆரும் 50 என்றே எழுந்தது. ஒரே முகவரிக்கு இருவர் சண்டை, வீட்டுக்குள்ளேயே கேமரா வருவதும் போவதுமாக. வரம்பை 100 முதல் 200 என்று சுருக்கியிருந்தால் போதும், அல்லது என்விஆரின் மேக் முகவரிக்கு (கருவியோடு வரும் அடையாள எண்) 50ஐ ஒதுக்கியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை.

அடுத்து "ரௌட்டிங்", அதாவது எந்த முகவரிக்கு எந்த வழியாகப் போவது என்ற செட்டிங். ஸ்டேட்டிக் ரூட் பக்கத்தில் ஒரே வரி: டெஸ்டினேஷன் 192.168.1.50, மாஸ்க் 255.255.255.255 (அந்த ஒரு முகவரி மட்டும்), கேட்வே (போக வேண்டிய வாசல்) 192.168.1.1. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 192.168.1.1 அந்த ரௌட்டரேதான். தன் வீட்டுக்குப் போகத் தன்னிடமே வழி கேட்கிறது. நேரடியாகச் செருகிய நெட்வொர்க்குக்கு ரூட் எழுத வேண்டியதில்லை. உள்ளே இரண்டாவதாக ஒரு ரௌட்டர் இருந்து, அதில் நாட் (உள் முகவரிகளை ஒரே வெளி முகவரியாக மாற்றும் வசதி) அணைத்து, அதன் பின்னால் 192.168.2.0 என்று வேறு நெட்வொர்க் இருந்தால்தான் முதல் ரௌட்டரில் "192.168.2.0, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.2" என்று எழுத வேலை வரும். இங்கே இருப்பது ஒரே ரௌட்டர்.

போர்ட் பார்வர்டிங்கில் 8000, 554 என்ற போர்ட் எண்கள் இரண்டும் 192.168.1.50க்குப் போட்டிருக்கிறார். எழுதியது சரி. ஆனால் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி (ரௌட்டருக்கு நெட் கம்பெனி கொடுத்த முகவரி) 100.72 என்று தொடங்குகிறது. 100.64 முதல் 100.127 வரை பார்த்தாலே புரிந்துகொள்ள வேண்டும், அது சிஜிநாட். 2012ல் ஆர்எஃப்சி 6598 என்ற இணையத் தர ஆவணம் இதற்கென்றே ஒதுக்கிய வரிசை. நெட் கம்பெனி ஒரே பப்ளிக் ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகிறது. வெளியிலிருந்து வருவது கம்பெனியின் நாட் கருவியிலேயே நின்றுவிடும், உங்கள் ரௌட்டர் வரை வரவே வராது. தெருக்கதவு பூட்டியிருக்க அறைக்கதவைத் திறந்து வைத்த கதை. இந்த லைனில் போர்ட் பார்வர்டிங் முதல் நாளிலிருந்தே நடக்காத காரியம். ஸ்டேட்டஸ் பக்கத்தை ஒருமுறை பார்த்தவருக்கு இது தெரியாமல் இருக்காது. தெரியாது என்றால் 800 ரூபாய் எதற்கு?

பயமே இனிதான். வேலை செய்யவில்லை என்று தெரிந்து கண்டதையும் அமுக்கியிருக்கிறார். டிஎம்இசட் (வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒரே கருவிக்கு அனுப்புவது) ஆன், அதுவும் என்விஆருக்கே. ரிமோட் மேனேஜ்மென்ட் (ரௌட்டர் பக்கத்தை வெளியிலிருந்து திறக்கவிடுவது) ஆன். என்விஆரின் யூசர் நேம் அட்மின், பாஸ்வேர்டு 12345. சிஜிநாட் இருந்ததால் பிழைத்தோம். நாளை கம்பெனி பப்ளிக் ஐபி கொடுத்தால் எல்லாப் போர்ட்டும் உலகத்துக்குத் திறந்துவிடும். 2016ல் மிராய் என்ற மால்வேர் இப்படி மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்துத்தான் கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு என்விஆரைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் தூசிக்குள் ஒரு கியூஆர் ஸ்டிக்கர். மெனுவில் பி2பியை ஆன் செய்து, ஆப்பில் ஸ்கேன் செய்தேன். மொபைல் டேட்டாவில் படம் வந்தது. இதில் என்விஆர் தானே வெளியே போய் இணைப்பைப் பிடிக்கிறது, அதனால் சிஜிநாட் தடுக்காது. உற்பத்தியாளரின் சர்வரை நம்ப வேண்டியிருக்கும், பாஸ்வேர்டு கெட்டியாக இருக்க வேண்டும், அது வேறு பேச்சு. செலவு பூஜ்யம், நேரம் ஐந்து நிமிடம். இதற்குத்தான் 3,200 ரூபாய்.

நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிந்திருக்கிறேன். விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு:

ஆளைக் கூப்பிடுமுன் ரௌட்டர் ஸ்டேட்டஸில் வான் ஐபியைப் பாருங்கள். 100.64 - 100.127, அல்லது 10 என்று தொடங்கினால் போர்ட் பார்வர்டிங்குக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நெட் கம்பெனியிடம் பப்ளிக் ஐபி உண்டா, கட்டணம் என்ன என்று கேளுங்கள்.

சோதனை என்றால் வைஃபை அணைத்த போனில். அதற்குமுன் ஓடிபி கிடையாது. ஆப்புக்கு வெளியே பணமும் கிடையாது.

செட்டிங்கைத் தொடுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுங்கள், முக்கியமாக பிபிபிஓஇ (நெட் கம்பெனி லாகின்) யூசர் நேம், விலான் எண் (லைனைப் பிரித்துக் காட்டும் எண்). பாஸ்வேர்டு மறந்தது என்று ஊசி விட்டு ரீசெட் அமுக்கினால் இவையும் சேர்ந்து அழிந்து நெட்டே போகலாம், சில இணைப்புகளில் லேண்ட்லைன் போனும் சேர்ந்து ஊமையாகும்.

ஆள் செருப்பு மாட்டுமுன் டிஎம்இசட், ரிமோட் மேனேஜ்மென்ட் இரண்டும் ஆஃபா என்று பாருங்கள். அட்மின் பாஸ்வேர்டை நீங்களே மாற்றுங்கள்.