ரயில், படகு, ஒரு நாள் சுற்றுலா என்று ஆசை காட்டி ₹9,400 பறித்துவிட்டார்கள்

சனிக்கிழமை நடந்தது. இன்று செவ்வாய். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கொச்சிக்குப் போகிற நம் ஆட்கள் வேறு யாரும் இப்படி மாட்டக்கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

தங்கை எர்ணாகுளத்தில் இருக்கிறாள். அம்மா, நான், வீட்டுக்காரர், ஒன்பது வயது மகள் நான்கு பேரும் அவள் வீட்டுக்குப் போயிருந்தோம். அம்மாவுக்கு எழுபது நெருங்குகிறது, முழங்கால் வலி. திருவையாறு பக்கம் வயல்காட்டில் வளர்ந்தவர். ஆலப்புழை பக்கத்துக் குட்டநாட்டில் தண்ணீர் மேலேயும் வயல் கீழேயும் இருக்கும் என்று யாரோ எப்போதோ சொன்னது அவர் மனதில் அப்படியே நின்றுவிட்டது. கடல் மட்டத்துக்கும் கீழே காயலை வரப்புக் கட்டித் தடுத்து, தண்ணீரை இறைத்துவிட்டு நெல் போடுகிறார்கள். "அது எப்படிடி, ஒரு தடவை பார்த்துடணும்" என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். காலையில் எர்ணாகுளத்திலிருந்து ரயிலில் ஆலப்புழை. அங்கிருந்து படகில் வேம்பநாட்டுக் காயலைக் கடந்து கோட்டயம். சாயங்காலம் கோட்டயத்திலிருந்து ரயிலில் எர்ணாகுளம். எர்ணாகுளத்திலிருந்து தெற்கே ஒரு தண்டவாளம் ஆலப்புழை வழியாகவும் இன்னொன்று கோட்டயம் வழியாகவும் போவதால், போன வழியே திரும்பாமல் ஒரு வட்டம் அடித்துவிடலாம். நல்ல திட்டம்தான். நானே செய்திருந்தால் நன்றாகவே முடிந்திருக்கும்.

அம்மாவின் முழங்காலை நினைத்து, எல்லாம் ஏற்பாடாக இருக்கட்டுமே என்று ஒரு சுற்றுலாச் செயலியில் தேடினேன். ஊருக்கு ஊர் ஆட்களைச் சேர்த்து ஒரு நாள் பயணங்களை விற்கிற செயலி. பெயர் வேண்டாம். நான் போட்ட அதே வட்டத்தை அப்படியே ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். போக வர ரயிலில் முன்பதிவு இருக்கை, ஸ்டேஷனிலிருந்து வண்டி, ஐந்து மணி நேரம் தனிப் படகு, கரிமீனோடு மதியச் சாப்பாடு, கோட்டயத்தில் இறக்கிவிடுவது. நான்கு பேருக்கு ₹9,400. செயலியில் ₹2,000 முன்பணம் கட்டினேன்.

பத்து நிமிடத்தில் அந்தப் பயணத்தை விற்றவனிடமிருந்து போன் வந்தது. அந்த போனைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"அக்கா, தமிழா? நமக்கு நாகர்கோவில் பக்கந்தான்" என்றான். அம்மா வருகிறார், கால் வலி என்றேன். "அம்மாவ நினைச்சு நீங்க கவலைப்படவே வேண்டாம்க்கா. ஏறும்போது பலகை போடச் சொல்லிடறேன். சாய்ஞ்சு உக்கார நாற்காலி இருக்கு. அம்மா மீன் சாப்பிடுவாங்களா, இல்ல சைவமா?" என்று கேட்டான். சைவம் என்றதும், "அப்ப அவங்களுக்கு மட்டும் தனியா அவியல், எரிசேரி வைக்கச் சொல்றேன்" என்றான். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். சொந்தத் தம்பி மாதிரி பேசினான். மீதி ₹7,400-ஐயும் செயலியில் கட்டினால் வரி கூடும், என் நம்பருக்கே யூபிஐ பண்ணிடுங்க என்றபோது எனக்குத் துளிகூட சந்தேகம் வரவில்லை. போனை வைப்பதற்கு முன்பே அனுப்பிவிட்டேன். ₹9,400 முழுதாகப் போய்விட்டது.

வெள்ளி ராத்திரி ஒன்பது மணிக்கு ரயில் டிக்கெட் வாட்ஸாப்பில் வந்தது. நான்கு பேரும் காத்திருப்போர் பட்டியலில். கேட்டேன். "காலையில கன்ஃபர்ம் ஆயிடும்க்கா, எப்பவும் ஆகும்" என்றான். திரும்பி வரும் டிக்கெட்? "படகுல ஏறினதும் அனுப்பிடறேன்."

காலையில் எர்ணாகுளம் ஜங்ஷனில் நின்று பார்த்தால் சார்ட், அதாவது இடம் கிடைத்தவர்களின் கடைசிப் பட்டியல், போட்டாகிவிட்டது, டிக்கெட் ரத்து. இணையத்தில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் முழுக்கக் காத்திருப்பிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும். பணம் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அங்கேயே திரும்பும். அதாவது அவன் கணக்குக்கு. என் பணத்தில் டிக்கெட் எடுத்து, அது ரத்தானதும் அந்தப் பணத்தையும் அவனே வைத்துக்கொண்டான். கவுண்டரில் நின்று சாதாரண டிக்கெட் எடுத்து, நெரிசலில் அம்மாவை ஏற்றினோம். ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான், நல்லா இருக்கட்டும்.

ஆலப்புழை ஸ்டேஷனில் வண்டி இல்லை. ஆளும் இல்லை. ஆறு தடவை அடித்த பிறகு போனை எடுத்து, "ஆட்டோ பிடிச்சு புன்னமடை ஃபினிஷிங் பாயிண்ட் வந்துடுங்க, பணம் கழிச்சுக்கலாம்" என்றான். ஸ்டேஷன் கடற்கரைப் பக்கம், சுற்றுலாப் படகுகள் கிளம்பும் அந்த இடம் ஊருக்கு அந்தப் பக்கம். ஆட்டோவுக்கும் நாங்கள்தான் கொடுத்தோம்.

அங்கே நின்றது ஒரு சின்ன ஷிகாரா, கூரை போட்ட திறந்த படகு. படகுக்காரர் பெரியவர், தன் போனில் வந்திருந்த செய்தியை எடுத்துக் காட்டினார். நாலு பேர், ஒன்றரை மணி நேரம், ₹1,200. அவ்வளவுதான். கோட்டயம் என்றதும் அவருக்கே சிரிப்பு வந்தது. சாப்பாடு பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவருக்குச் சேர வேண்டிய ₹1,200-கூட இன்னும் போய்ச் சேரவில்லை.

பலகையும் இல்லை. கரைக்கும் படகுக்கும் நடுவே ஓர் அடிக்கு மேல் இடைவெளி, ஈரக் கல். அம்மா புடவையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு தயங்கி நின்றார். அந்தப் பெரியவர் படகின் விளிம்பில் மண்டியிட்டு, தன் தோளைக் காட்டி, "பிடிச்சோ அம்மே, மெல்லெ மெல்லெ" என்றார். அவர் தோளில் கை வைத்துத்தான் அம்மா ஏறினார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. லைஃப் ஜாக்கெட் மட்டும் இரண்டுதான் இருந்தது. ஒன்றை மகளுக்கும் ஒன்றை அம்மாவுக்கும் போட்டேன். 2023 மே 7 அன்று இதே கேரளத்தில் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்களே, அதுதான் அந்த ஒன்றரை மணி நேரமும் மனதில் ஓடியது.

போகும் வழியில் ஒரு பெரிய படகு எங்களைக் கடந்து போனது. உள்ளே மீன்கூடையோடு ஒரு பெண், ஜன்னலோரம் பள்ளிப் பிள்ளைகள். அம்மா கேட்டார், அது எங்கே போகிறது என்று. "கோட்டயம். கவர்மெண்ட் போட்" என்றார் பெரியவர். கேரள நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு. ஆலப்புழை படகுத்துறையிலிருந்து தினமும் போகிறது, இரண்டரை மணி நேரம் போல ஆகும், ஆளுக்கு ஐம்பது ரூபாய்க்குள். அம்மா பார்க்க ஆசைப்பட்ட அந்தத் தாழ்ந்த வயல்கள் வழியாகவே போகிறது. அந்தப் படகு போய் மறையும் வரைக்கும் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ₹9,400 கட்டிவிட்டு, ஐம்பது ரூபாய்ப் படகை வெறுமனே வேடிக்கை பார்க்க வைத்தேன் என் அம்மாவை.

திரும்பும் டிக்கெட் வரவே இல்லை. வந்திருந்தாலும் கோட்டயத்திலிருந்துதானே வந்திருக்கும், நாங்கள் நின்றதோ ஆலப்புழையில். பஸ்ஸில் எர்ணாகுளம் வந்து சேர்ந்தோம்.

அப்புறம் தொடங்கியது அடுத்த கூத்து. ராத்திரி கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன்". ஞாயிறு, "ரயில்வே பண்ற தப்புக்கு நான் என்ன பண்ண முடியும் மேடம்". கவனியுங்கள், அதற்குள் அக்கா மேடம் ஆகிவிட்டேன். திங்கள் காலையிலிருந்து என் எண் தடுக்கப்பட்டிருக்கிறது.

செயலிக்காரர்கள் அதைவிட மோசம். முதலில் இயந்திரம் பதில் சொன்னது. பிறகு 48 வேலை நேரம் காத்திருங்கள் என்றார்கள். பிறகு, ₹7,400 எங்கள் வழியாக வரவில்லை, அதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். சரி, அந்த ₹2,000? "நீங்கள் படகில் ஏறிவிட்டீர்கள், எனவே சேவை பயன்படுத்தப்பட்டது." கடைசியாக வந்தது, அடுத்த பயணத்துக்கு ₹300 தள்ளுபடிக் கூப்பன். போன ₹9,400-க்கு ₹300 கூப்பன்! அதற்கும் முப்பது நாள் கெடு.

சொல்வதாகச் சொன்னேனே, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இப்போது விரிவாக எழுதும் நிலையில் இல்லை. செயலிக்கு வெளியே, யாருடைய சொந்த எண்ணுக்கும் பணம் அனுப்பாதீர்கள், எந்த ஊர் பாஷை பேசினாலும். காத்திருப்பு டிக்கெட் அனுப்பினால் அன்றைக்கே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். எர்ணாகுளத்திலிருந்து ஆலப்புழைக்கு ரயிலில் போக முன்பதிவே தேவையில்லை. படகில் ஏறுமுன் எத்தனை மணி நேரம், எங்கே இறக்குவார்கள் என்று படகுக்காரரிடமே கேளுங்கள். சொன்னது ஒன்று இருப்பது ஒன்று என்றால் ஏறாதீர்கள், ஏறினால் நான் மாட்டியது மாதிரி மாட்டுவீர்கள். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இல்லையென்றாலும் ஏறாதீர்கள். ஏமாந்தது தெரிந்த நிமிடமே இணையப் பண மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள், நான் இரண்டு நாள் வீணாக்கினேன்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இப்போதுதான் பேசி முடித்தேன். புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். யூபிஐ ரசீது, அந்த ரத்தான டிக்கெட், வாட்ஸாப் உரையாடல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.