வெள்ளவத்தை லாப் ஒன்றின் ‘இம்யூனிட்டி பெக்கேஜ்’: ஊசி குத்தியவருக்கு ஐந்து நட்சத்திரம், பெக்கேஜுக்கு ஒன்று

காலி வீதியில் வெள்ளவத்தைப் பக்கம் இருக்கும் ஒரு தனியார் லாப், பெயர் வேண்டாம், ‘இம்யூனிட்டி அண்ட் இன்ஃப்ளமேஷன்’ (நோயெதிர்ப்பும் அழற்சியும்) என்று ஒரு இரத்தப் பரிசோதனைப் பெக்கேஜ் போட்டு விற்கிறது. டைப் 1 நீரிழிவு (உடம்பின் நோயெதிர்ப்பே இன்சுலின் சுரக்கும் கலங்களை அழிக்கும் வகை) உள்ள இளையவர்களுக்கு ஏற்றது என்று வாசல் பனரில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. என் மகனுக்குச் சின்ன வயதிலேயே டைப் 1 வந்தது, இப்போது ஓ.எல். படிக்கிறான். களைப்பு, உடம்பு நோவு என்று கொஞ்ச நாளாக முனகிக்கொண்டிருந்ததால் கூட்டிப்போனேன்.

முதல் கோபம் பட்டினி விஷயத்தில். பன்னிரண்டு மணித்தியாலம் சாப்பிடாமல் வரச் சொல்கிறார்கள், இன்சுலின் போடும் பிள்ளையா என்று ஒரு கேள்வி இல்லை. சிஆர்பி (அழற்சி இருந்தால் ஏறும் புரதம்), அன்டிபொடி (நோயெதிர்ப்புப் புரதம்), எச்பிஏ1சி (மூன்று மாதச் சீனிச் சராசரி) எதற்குமே வெறும் வயிறு தேவையில்லை, கடைசியில் ஒட்டவைத்திருக்கும் பாஸ்டிங் சுகருக்காகத்தான் இவ்வளவும். டோக்கன் எடுத்துக் காத்திருக்கும்போதே மகனுக்குக் கை நடுங்கத் தொடங்கியது, மீட்டரில் சீனி 61க்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸைக் கரைக்கப் போனால் கவுண்டரில் இருந்தவர் ‘குடித்தால் டெஸ்ட் பழுதாகிவிடும்’ என்கிறார்! இரத்தம் எடுக்கும் தங்கச்சி உள்ளே இருந்து எழும்பி வந்து, ‘நீங்க குடிங்க தம்பி, பாஸ்டிங் சுகரை வெட்டிவிடுவம்’ என்று சொல்லி, கால் மணித்தியாலம் கழித்துத் திரும்ப மீட்டரைப் பார்த்த பிறகுதான் ஊசியைத் தொட்டார். சீனி பார்க்கும் சென்சர் ஒட்டியிருந்த கையை விட்டு மறு கையில், மெல்லிய பட்டர்பிளை ஊசியால், ஒரே குத்து. மகன் முகம் சுளிக்கவே இல்லை, வழக்கமாக ஊசி என்றால் கதைக்கவும் மாட்டான்.

ரிப்போர்ட் பளபளப்பான தாளில் நாலு பக்கம். முதல் பக்கத்திலேயே இன்சுலின் ஒட்டோஅன்டிபொடி (உடம்பு தன் இன்சுலினுக்கே எதிராக உருவாக்கும் அன்டிபொடி) ‘ஹை’ என்று சிவப்பில். அம்மம்மா அதைப் பார்த்துவிட்டு அழாத குறை. வருடக்கணக்காக இன்சுலின் போடுபவர்களுக்கு அந்த ஊசி மருந்துக்கு எதிராகவும் அன்டிபொடி உருவாகும், அது நோயால் வந்ததா ஊசியால் வந்ததா என்று இந்த டெஸ்டால் பிரிக்க ஏலாது. இன்சுலின் தொடங்க முன்னர், மிஞ்சினால் முதல் ஒன்றிரண்டு கிழமைக்குள் எடுத்தால்தான் அதற்கு அர்த்தம். பெக்கேஜில் இருந்த இன்னொன்றான காட் 65 அன்டிபொடி (இன்சுலின் சுரக்கும் கலங்களில் உள்ள ஒரு நொதிக்கு எதிரானது) டைப் 1 தானா என்று உறுதிப்படுத்த உதவும், சரி, ஆனால் அந்த எண் ஏறி இறங்குவதை வைத்து நோய் கூடுகிறது குறைகிறது என்று சொல்ல முடியாது.

அப்புறம் ஹைசென்சிடிவ் சிஆர்பி (சிறு அளவையும் காட்டும் சிஆர்பி டெஸ்ட்) 4.2, பக்கத்தில் ‘ஹை ரிஸ்க்’. 1க்குக் கீழ் குறைவு, 3க்கு மேல் கூடுதல் என்ற அந்த எல்லைகள் வளர்ந்தவர்களின் இருதய ஆபத்தைக் கணிக்க வைத்தவை, ஓ.எல். பிள்ளைக்கு அப்படியே ஒட்டினால் எப்படி? சிஆர்பி ஈரலில் உருவாவது, தடிமன் வந்தாலும் ஏறும், பல் முரசு வீங்கினாலும் ஏறும், உடம்பு பருத்தாலும் ஏறும். அந்தக் கிழமை மகனுக்கு நல்ல தடிமன், கவுண்டருக்கு முன்னால் நின்றே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். ரெண்டு கிழமை கழித்து வாங்க என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

பில்லை ஏற்றுவது ஐஎல்-6, டிஎன்எஃப் அல்ஃபா என்ற, அழற்சியைத் தூண்டும் இரண்டு புரதங்களின் டெஸ்டுகள்தான். டைப் 1க்கும் அழற்சிக்கும் தொடர்பு இருக்கிறது என்ற விஷயம் பொய் இல்லை. அமெரிக்காவில் சேர்ச் என்ற ஆய்வில், டைப் 1 உள்ள இளையவர்களுக்கு, சீனி நல்ல கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கும்கூட, ஐஎல்-6 நீரிழிவு இல்லாதவர்களைவிடக் கூடுதலாக இருந்ததென்று 2010 இல் எழுதியிருக்கிறார்கள். மெல்லிய அழற்சி ஒன்று உள்ளே தொடர்ந்து இருந்தால் பிற்காலத்தில் இரத்தக் குழாய்களைப் பாதிக்கும் என்ற கவலையும் நியாயமானதே. ஆனால் அது நூற்றுக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. ஒரு பிள்ளையின் ஐஎல்-6 நேரத்துக்கு நேரம் மாறும், இரத்தத்தைச் சீக்கிரம் பிரித்துக் குளிரில் வைக்காவிட்டாலும் மாறும். சாம்பிளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்களாம், எப்படி வைத்து அனுப்புகிறீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. எங்கள் கிளினிக் டொக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, ‘இதை வைத்து நான் ஒரு யூனிட் இன்சுலின்கூட மாற்றமாட்டேன்’ என்றார்.

அவர் தேடியவை தைரொய்டுக்கு டிஎஸ்எச், சீலியாக் நோய்க்கு (கோதுமையின் குளூட்டன் குடலைப் பாதிக்கும் நோய்) டிடிஜி அன்டிபொடி, சிறுநீரகத்துக்குச் சிறுநீர் அல்புமின். டைப் 1 பிள்ளைகளுக்கு இடைக்கிடை பார்க்கவேண்டியவை இவைதான், இவ்வளவு விலை பெக்கேஜில் ஒன்றுகூட இல்லை! வேறு பில் போட்டு எடுத்தோம், தைரொய்டு மந்தமானால் ஏறும் அந்த டிஎஸ்எச் நன்றாகக் கூடியிருந்தது, களைப்புக்கு இப்போது அந்த வழியில்தான் மருந்து நடக்கிறது.

காசைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டதற்கு அடுத்த முறை பத்து வீதம் கழிவு தருகிறார்களாம். ரிப்போர்ட் வட்ஸ்அப்பில் சொன்ன நேரத்துக்கே வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். டொக்டர் எழுதித் தரும் தனித்தனி டெஸ்டுக்கு என்றால் தாராளமாகப் போகலாம், வாகனத்தை மரைன் டிரைவ் பக்கம் விட்டுவிட்டு நடப்பது நல்லது. காலை ஷிஃப்டில் அந்தத் தங்கச்சி நிற்கிறாரா என்று முதலே போன் பண்ணிக் கேளுங்கள்.