எத்தனாலில் கடைசித் தண்ணீர்: சுண்ணாம்பா, சல்லடை மணியா?

எவ்வளவு உயரமான வடிகோபுரம் (column) வைத்து வடித்தாலும் எத்தனால் எடையில் 95.6 சதவீதத்தோடு நின்றுவிடும். அந்த விகிதத்தில் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்தே 78.2 டிகிரியில் கொதிக்கின்றன. ஆவியிலும் அதே கலவைதான் வரும். மீதித் தண்ணீரை எடுக்க வீட்டு ஆய்வகத்துக்குக் கட்டுப்படியாகிற வழிகள் இரண்டு. சுட்ட சுண்ணாம்போடு கொதிக்கவிட்டு மறுபடி வடிக்கலாம். அல்லது 3 ஆங்ஸ்ட்ராம் (மூலக்கூறு அளவை அளக்கும் மிகச் சிறிய நீள அலகு) துளைகள் கொண்ட மூலக்கூறு சல்லடை மணிகளில் ஊறவைக்கலாம். நான் மணிகளுக்கு மாறியவன், திரும்பிப் போகிற எண்ணம் இல்லை.

சுண்ணாம்பு மலிவு, வேலையும் செய்யும். ஒரு லிட்டரில் இருக்கும் சுமார் 36 கிராம் தண்ணீருக்குக் கணக்குப்படி 112 கிராம் போதும். நடைமுறையில் இரண்டு மடங்காவது போட வேண்டும். கட்டடச் சாமான் கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஏற்கெனவே நீற்றிய சுண்ணாம்பு, அதனால் பயனில்லை. சில மணி நேரம் ரிஃப்ளக்ஸ் (ஆவியைக் குளிர்வித்துக் குடுவைக்கே திரும்பவிட்டுக் கொதிக்க வைப்பது), அப்புறம் வடித்தல். அடியில் சேரும் மாவுக் குழம்பு குபீரென்று தூக்கியடிக்கும், கொஞ்சம் எத்தனாலையும் பிடித்து வைத்துக்கொள்ளும். குடுவையில் ஒட்டியதை நீர்த்த அமிலம் விட்டுத்தான் கழுவ முடியும்.

மணிகளுக்கு அடுப்பே வேண்டாம். அவற்றின் துளைக்குள் தண்ணீர் மூலக்கூறு நுழையும், எத்தனால் நுழையாது. 4 ஆங்ஸ்ட்ராம் வாங்கிவிடாதீர்கள், அதில் எத்தனாலும் இடம் பிடிக்கும். லிட்டருக்குக் கால் கிலோவாவது போட்டு, மூடி, சில நாள் விட்டால் சரி. மேலே தெளிந்ததை இறுத்து, ஒரு துளியை வெண்மையான நீரற்ற காப்பர் சல்பேட்டில் விட்டுப் பாருங்கள். நீலம் ஏறக் கூடாது. ஆனால் 80 சதவீதச் சரக்கில் மணியைக் கொட்டுவது வீண், உடனே நிரம்பிவிடும். முதலில் வடித்து 95-க்குக் கொண்டுவந்த பிறகே மணி.

என்னைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்புதான். சுண்ணாம்பு ஒருமுறையோடு சரி, மணிகளை மறுபடி மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் அதைச் செய்யும் விதம் முக்கியம். எத்தனாலில் ஊறிய மணியை நேராக ‘அவன்’ (oven) அடுப்பில் வைத்தால் ஆவி பற்றிக்கொள்ளும். தட்டில் பரப்பி வெளியே காற்றாட விடுங்கள். பிறகு தண்ணீரில் அலசி, வாசனை அடங்கும்வரை காயவிடுங்கள். அதற்கப்புறம்தான் அவன். 250 முதல் 300 டிகிரி தேவை. வீட்டு அவன் பெரும்பாலும் 250-லேயே முடிந்துவிடுவதால் கூடுதல் நேரம் கொடுக்கிறேன். சூட்டோடு கண்ணாடி ஜாடியில் போட்டு இறுக மூட வேண்டும், இல்லாவிட்டால் காற்றிலுள்ள ஈரத்தையே குடித்துவிடும். ஆறிய மணிகள் சிலவற்றை உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுரீரென்று சுட வேண்டும். சுடாவிட்டால் மறுபடி அவன்.

மணிகளின் குறை தூசி. துல்லியமான வேலைக்கு ஒருமுறை வடித்துத்தான் ஆக வேண்டும். என் அனுபவம் அரை லிட்டர், ஒரு லிட்டர் அளவில்தான். பெரிய அளவில் கணக்கு மாறலாம்.

எதைத் தேர்ந்தாலும் வடிக்கும்போது தீச்சுடர் கூடாது, ஹீட்டிங் மேன்டில்தான் (குடுவையைச் சுற்றிச் சூடேற்றும் மின் உறை). மெத்தனால் கலந்த ஸ்பிரிட்டை இந்த இரண்டு வழியும் குடிக்கத் தக்கதாக்காது. மெத்தனால் கண்ணைப் பறிக்கும். சட்டமும் ஊருக்கு ஊர் வேறு. நான் இருக்கும் நியூசிலாந்தில் 1996 முதல் சொந்த உபயோகத்துக்கு வடிக்கலாம். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வடிப்பது குற்றம்.